மேலும் தணல், கீழும் தணல்: ஏழாவது முறை வெந்த பிபிங்கா

ஏழாவது முறை இலை கருகியது, மாவு கருகவில்லை. அப்படித்தான் ஆக வேண்டும் என்று பக்கத்து வீட்டு லோலா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லோலா என்றால் பாட்டி. ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்ட வாழையிலை, அதன் நடுவே பொன்னிறத்தில் உப்பி, மேல் தோலில் மட்டும் புலிப்புள்ளிகள் விழுந்த அரிசிப் பலகாரம். டிசம்பர் 19, காலை ஆறேகால் மணி. இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதைப் பேத்திக்கென்று இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்கு முந்தைய ஆறு முறையும் அவர் எதையும் மடித்து எடுத்துப் போகவில்லை என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

என் மனைவிக்கு இங்கே, பிலிப்பைன்ஸின் லகூனா மாகாணத்து லோஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் சமைக்கிறேன். போன டிசம்பரில் இங்கு வந்த புதிதில், விடியற்காலை நான்கு மணிக்குக் கோயில் மணி கேட்டு எழுந்து போய்ப் பார்த்தோம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியலிலும் ‘சிம்பாங் கபி’ என்ற கிறிஸ்துமஸ் காலத்துப் பூசை நடக்கும். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களுக்காக வாசலில் வரிசையாகக் கடைகள். ஒரு பக்கம் மூங்கில் குழாயில் ஊதா நிறத்தில் அவியும் பூத்தோ பும்போங். நாகர்கோவில்காரனுக்கு அது மூங்கில் புட்டு என்று சொல்ல யாரும் தேவையில்லை. இன்னொரு பக்கம் மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் பிபிங்கா. இரண்டுக்கும் துணையாக ‘சலாபாத்’ என்கிற இஞ்சித் தண்ணீர். அந்தப் பிபிங்காவின் வாசம், அதாவது தேங்காய்ப்பாலும் கருகும் வாழையிலையும் வெண்ணெயும் கலந்த வாசம், ஓர் ஆண்டாக மூக்கைவிட்டுப் போகவில்லை. இந்த ஆண்டு வீட்டிலேயே சுடுவது என்று நவம்பர் நடுவில் இறங்கினேன்.

அரிசியை ஊறவைத்து அரைப்பது, தேங்காய்ப்பால் எடுப்பது, வாழையிலையை வாட்டுவது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலைகள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். என்னைக் கவிழ்த்ததே அந்த நினைப்புத்தான்.

முதல் தவறு அரிசியிலேயே நடந்தது. சந்தையில் “பிபிங்காவுக்கு அரிசி” என்று கேட்டேன். கடைக்காரப் பெண்மணி ‘மலக்கித்’ என்ற பசை அரிசியைக் கொடுத்தார். அவர் மீது பிழையில்லை. பசை அரிசியில் செய்து, மேலே தேங்காய்ப்பாலையும் வெல்லத்தையும் காய்ச்சி ஊற்றும் பிபிங்கா ஒன்றும் இருக்கிறது. கோயில் வாசலில் நான் தின்றதோ ‘கலபோங்’ மாவில் செய்தது. கலபோங் என்பது சாதாரண அரிசியை இரவு முழுதும் ஊறவைத்து நீர்விட்டு அரைத்து, துணியில் கட்டி நீரை வடித்த ஈர மாவு. எனக்கு அந்த வேறுபாடு தெரியாது. பசை அரிசியை ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் அரைத்து, தோசைக்கல்லில் இலை விரித்து ஊற்றி, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக் காஸ் அடுப்பில் வைத்தேன். பதினோராவது நிமிடத்தில் அடி கரி, மேல் கூழ். திருப்பிப் போடலாம் என்று பார்த்தால் இலை கிழிந்து, எல்லாம் கல்லில் களியாக ஒட்டிக்கொண்டது. கல்லைச் சுரண்ட அரை மணி நேரம்.

இரண்டாம் முறை சரியான அரிசி. புது அரிசி வேண்டாம், பழைய அரிசியாகப் பார்த்து வாங்குங்கள் என்றார் லோலா. ஏன் என்று மனைவி மாவுச்சத்தின் வகைகளில் தொடங்கி விளக்க ஆரம்பித்தார். கையமர்த்திவிட்டுச் சந்தைக்குப் போனேன். கிலோ 58 பெசோ. மாவைக் கையடக்கமான மின் அடுப்பில் 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். நன்றாகவே வெந்தது. ஆனால் ரவை கேக் போல உதிர்ந்தது, இலை பச்சையாகவே இருந்தது, புகை வாசம் மருந்துக்கும் இல்லை. லோலா ஒரு விள்ளல் வாயில் போட்டு, சற்று நேரம் மென்று, “புவேதே நா” என்றார். நம்மூரில் சம்பந்தி வீட்டுச் சாம்பாரைப் பற்றிக் கேட்டால் “பரவாயில்லை” என்போமே, அதுதான்.

லோலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இளவயதில் பல ஆண்டுகள் கோயில் வாசலில் பிபிங்கா சுட்டு விற்றவர். என்னை “ஈஹோ” என்று கூப்பிடுவார், மகனே என்று பொருள். நான் பதில் சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதைக்காகப் ‘போ’ சேர்க்க வேண்டும். எண்பது வயதுப் பெரியவரைப் பார்த்து “நன்றி, போ” என்று சொல்ல என் நாக்குக்கு ஆறு மாதம் ஆயிற்று. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு பால் என்று எதைக் கேட்டாலும் அவர் தரும் விடை ‘தன்ச்சா’. கைக்கணக்கு. என் அம்மாவிடம் கேட்டாலும் இதே விடைதான் வரும் என்பதால் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையால் போடப் போட, நான் நிறுத்து எழுதிக்கொண்டேன். அந்தத் தாள்தான் இந்த ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான சொத்து.

மூன்றாம் முறை முதல் கரி அடுப்பு. ‘கலான்’ என்ற மண் அடுப்பு 280 பெசோ. அதன் மேல் உட்கார ஓர் அகன்ற மண் சட்டி 150. மண் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் அவசரத்தில் கழுவி, ஈரம் காயாமலே தணலில் வைத்தேன். நான்காவது நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், குறுக்கே ஒரு கோடு, மாவு கோட்டின் வழியே தணலில் சொட்டி அணைந்தது. அடுத்த சட்டியை அரிசி கழுவிய நீரில் ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியாக மெல்லிய தணலில் அரை மணி சூடாக்கிய பிறகே மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அது இன்றுவரை உடையவில்லை.

நான்காம் முறை செய்த தவறை யாரும் திரும்பச் செய்ய வேண்டாம். மேலே தணலைத் தாங்க ஒரு மூடி வேண்டும். இங்கே கோயில் வாசலில் பலர் கூரைத் தகரத்தை வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருந்தேன். ‘யேரோ’ என்று கேட்டால் இரும்புக் கடையில் துண்டாகத் தருவார்கள். 120 பெசோ கொடுத்துப் பளபளக்கும் புதுத் துண்டு வாங்கினேன். அது துத்தநாகம் பூசிய தகரம். மேலே கரியைப் பரப்பி விசிறியதும் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை எழுந்தது. மூடியைத் தூக்கினால் தகரத்தின் அடியிலும் பலகாரத்தின் மேலும் வெள்ளைப் பொடி. சாப்பாட்டுக்கு மேலே இருக்க வேண்டிய சரக்கில்லை அது. புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் கண்டதுபோல் உடம்பு முறியும். அன்று சுட்ட நான்கையும் குப்பையில் போட்டேன், தகரத்தையும் போட்டேன். பூச்சில்லாத வெறும் இரும்பு அடுமனைத் தட்டு ஒன்று, கறுப்பு நிறத்தில், விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், 190 பெசோவுக்குக் கிடைத்தது. அதன் இரு பக்கமும் ஓட்டை போட்டுக் கெட்டிக் கம்பியில் கைப்பிடி மாட்டினேன். கம்பிக்கு 40.

ஐந்தாம் முறை நம்மூர் அறிவு என்னைக் கவிழ்த்தது. மூடி மேல் தணல் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது கல்யாண வீட்டுப் பிரியாணிதான். தம் போடும்போது மாஸ்டர் மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டி அடைத்து, மேலே கங்கை வாரிப் பரப்புவார் அல்லவா? அதையே செய்தேன். மூடிக்கும் சட்டிக்கும் இடையே மாவு பிசைந்து ஒட்டி ஒரு சொட்டு ஆவி வெளியே போகாமல் அடைத்தேன். பெருமையாகவும் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இட்லி! வெள்ளை வெளேரென்று, ஈரப்பதமாக, தட்டின் அடியிலிருந்து சொட்டிய நீர் மேலே குழி குழியாக விழுந்த இட்லி. பிரியாணிக்கு ஆவி வெளியே போகக் கூடாது, இதற்குப் போயே தீர வேண்டும். ஆவி போனால்தான் மேல் தோல் சிவக்கும். சட்டியின் விளிம்பில் மூன்று இடத்தில் கம்பியை வளைத்து மாட்டி, மூடி அரை சென்டிமீட்டர் தூக்கலாக நிற்கும்படி செய்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தணல் கணக்கும் அன்றுதான் பிடிபட்டது. சூடு மேலே ஏறும் என்பதால் கீழே உள்ள தணல் தானாகவே வேலை செய்யும். மேலே உள்ளதுதான் சோம்பேறி. ஆகவே கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் வைக்க வேண்டும். நான் கடைசியில் வந்து நின்ற கணக்கு: கீழே எட்டுத் துண்டு, மேலே பதினான்கு, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. சந்தையில் மலிவாகக் கிடைப்பது இபில்-இபில் மரக்கரி. நம்மூர் சூபாபுல் மரமேதான். அது கீழே போடச் சரி, மேலே போட்டால் பொறி பறக்கிறது. மேலே சிரட்டைக் கரி போட்டேன். தட்டையாகப் படுத்து, சீராகக் கனன்று, சாம்பல் பூத்தபின்னும் சூடு தாங்கியது. இன்னொன்று, டிசம்பரில் இங்கே வடகிழக்கிலிருந்து ‘அமிஹான்’ காற்று வீசும். என் பின்முற்றத்தில் அது மக்கீலிங் மலைச்சரிவில் மோதித் திரும்பி எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. காற்று பட்ட பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்துப் போயிற்று. பழைய சாக்கு இரண்டைக் கொடியில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினேன். செலவு இல்லை.

ஆறாம் முறை நெருப்பு சொன்னபடி கேட்டது, மாவு கேட்கவில்லை. முன்பெல்லாம் மாவு உப்புவதற்குத் ‘தூபா’ சேர்ப்பார்கள் என்று லோலா சொல்லியிருந்தார். தூபா என்றால் தென்னங்கள். செபூ தீவின் மண்டாவே ஊரில் இன்றும் தூபா விட்டுத்தான் பிபிங்கா செய்கிறார்கள். ஆப்ப மாவில் கள் விட்டு வளர்ந்த வாய் எனக்கு. கேட்டதும் துள்ளினேன். லகூனாவின் தென்னை ஊர்களில் லம்பானோக் சாராயம் காய்ச்சுவதற்காகக் கள் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அறிந்தவர் மூலம் ஒரு லிட்டர் கிடைத்தது. ஆனால் அது விடியலில் இறக்கியது. என் கைக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி, இந்த வெயிலில் பாதிக் காடியாகிவிட்டது. அதை ஊற்றி மாவை இரவு முழுதும் வேறு வைத்தேன். காலையில் பானை பொங்கி வழிந்திருந்தது. சுட்டால் நுரைபோல் ஓட்டை ஓட்டையாக, நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. போதாக்குறைக்கு உப்பு முட்டைத் துண்டுகளை ஊற்றிய உடனே மேலே வைத்ததால் எல்லாம் அடியில் மூழ்கி இலையோடு ஒட்டிக்கொண்டன. லோலா “புவேதே நா” என்றுகூடச் சொல்லவில்லை. சலாபாத் இன்னொரு டம்ளர் கேட்டார்.

இடையில் ஒரு நாள் வேறு வேலையாக மணிலா பக்கம் போனபோது, கைந்தா ஊர் வழியாகத் திரும்பினோம். பிபிங்கா, சூமான் போன்ற அரிசிப் பலகாரங்களுக்குப் பேர்போன ஊர் அது. நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1762-இல் மதராஸிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அந்தப் படையில் வந்த மதராஸ் சிப்பாய்களில் சிலர் கப்பலேறாமல் கைந்தாவிலேயே தங்கி, அங்கேயே பெண் கட்டி, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். கடலைச் சாறில் வேகும் ‘கரே-கரே’ குழம்பின் பெயரே அவர்கள் வைத்த கறியிலிருந்து வந்தது என்று ஒரு கதையும் இங்கே சொல்வார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, கள் விட்ட ஆப்பம்தான் பிபிங்காவாக மாறியது என்று நானும் ஒரு கதை கட்டத் தொடங்கினேன். ஆப்பச் சட்டியின் மேல் யாரும் தணல் வைப்பதில்லையே என்று மனைவி ஒரே வரியில் அதை உடைத்துவிட்டார்.

ஏழாவது முறைக்கு வருகிறேன். கள்ளை ஒதுக்கிவிட்டு, லோலா தன் கடையில் கடைசிப் பத்து ஆண்டுகள் பயன்படுத்திய பேக்கிங் பவுடருக்கே போனேன். அரை கிலோ பழைய அரிசியை இரவு ஊறவைத்து, காலையில் சந்தையில் உள்ள அரவைக் கடையில் கொடுத்து அரைத்தேன். என் மிக்சி மாவைச் சூடாக்கிவிடுகிறது, நயமும் போதவில்லை. துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவிக்குப் பதிலாக இரண்டு செங்கலை வைத்து நான்கு மணி நேரம் நீர் வடியவிட்டேன். ஏறத்தாழ 700 கிராம் கலபோங் தேறியது. அதை மூடி ஓர் இரவு வெளியே வைத்தேன். லேசான புளிப்பு மணம், அவ்வளவுதான்.

நான்கு பிபிங்காவுக்கு எடுத்த அளவு: கலபோங் 400 கிராம், சர்க்கரை 120, முட்டை இரண்டு, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, உருக்கிய வெண்ணெய் 40 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, கலபோங்கைக் கட்டியில்லாமல் கரைத்து, பாலை ஊற்றி, பவுடரைக் கடைசியில், தணல் தயாரான பிறகே சேர்க்க வேண்டும். பதம் இட்லி மாவைவிட இளக்கம், ஆப்ப மாவைவிடக் கெட்டி. தமிழ் வாசகருக்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

16 சென்டிமீட்டர் அகல அலுமினியத் தட்டு இரண்டு வைத்திருக்கிறேன், தலா 65 பெசோ. இலையை அனலில் வாட்டி, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி தட்டில் விரித்து, ஓரம் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினேன். அந்த நீட்டல்தான் கருகி வாசம் தருவது, வெட்டி ஒழுங்கு செய்யாதீர்கள். வெறும் சட்டியை ஐந்து நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து, ஒன்றரைக் குழிக்கரண்டி மாவு ஊற்றி மூடியை ஏற்றினேன். ஆறாவது நிமிடம் இடுக்கியால் மூடியைத் தூக்கினால் மேலே ஆடை கட்டியிருந்தது. அப்போதுதான் உப்பு முட்டைத் துண்டுகளை வைத்தேன். வாத்து முட்டை, சாதா முட்டையோடு குழம்பாமலிருக்க ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசி விற்பார்கள். கூடவே எருமைப் பாலில் செய்த ‘கேசோங் பூத்தி’ என்ற வெண் பாலாடைக்கட்டி. மறுபடி மூடி ஏழு நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டவில்லை. மேலே வெண்ணெய் தடவி இன்னும் ஒரு நிமிடம். இறக்கியதும் கொஞ்சம் சர்க்கரை, கைநிறையத் தேங்காய்த் துருவல். மொத்தம் 14 நிமிடம். முதலாவது சற்று வெளுத்துத்தான் வரும். முதல் தோசையை யார் கணக்கில் எடுப்பார்கள்? இரண்டு சுட்டதும் மேல் தணலில் பாதியைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது இட்லியை நோக்கித் திரும்பும்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். அடுப்பு, சட்டி, தட்டு, கம்பி, அச்சுத் தட்டுகள், 75 பெசோ இடுக்கி எல்லாம் 865. உடைந்த சட்டியும் குப்பைக்குப் போன தகரமும் 270. ஆக 1,135. பொருட்செலவு நான்குக்கு 252, அதில் கேசோங் பூத்தி மட்டும் 60, தேங்காய் 45, உப்பு முட்டை 36. ஒன்று 63 பெசோ ஆகிறது. கோயில் வாசலில் இதே அலங்காரத்தோடு நூறு பெசோவுக்கு நின்றபடியே வாங்கித் தின்றுவிடலாம். போட்ட முதல் திரும்ப இன்னும் முப்பத்தொன்று சுட வேண்டும். மனைவி இந்தக் கணக்கைக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. மண் சட்டி இன்னும் நான்கு சென்டிமீட்டர் ஆழமாக இருந்தால் நன்று. இப்போது நன்றாக உப்பினால் முட்டை மூடியைத் தொடுகிறது. மேல் தட்டின் கைப்பிடிக்கு மரக்கட்டை மாட்ட வேண்டும், கம்பி சுட்டு வலது கையில் இரண்டு கொப்புளம். சர்க்கரையை 100 கிராமாகக் குறைக்கலாம், மேலே தூவுவதே போதுமான இனிப்பு. கள்ளையும் நான் கைவிடவில்லை. ஏழாவதுக்கு மறுநாள், விடியலில் இறக்கிய கள்ளைக் காலை எட்டு மணிக்கே வாங்கி, கால் டம்ளர் மட்டும் விட்டு, மூன்றே மணி நேரம் வைத்து ஒன்று சுட்டுப் பார்த்தேன். உயரம் குறைவு, வாசம் பேக்கிங் பவுடர் எட்டாத இடத்தில் இருந்தது. இரண்டையும் பாதிப்பாதியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

லோலா 24-ஆம் தேதி இரவுக்கு ஆறு கேட்டிருக்கிறார். காசு தருவதாகச் சொன்னார், “வேண்டாம், போ” என்றேன். ஒரு கிலோ அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. சிரட்டைக் கரி பாதி மூட்டைதான் மிச்சம், நாளை கடை திறக்குமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.